பெருநிலங்களுக்கு ஆண்டு வரி: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மாவட்டத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பல ஆண்டுகளாகப் பத்திரம் எழுதி வருகிறேன். போன ஆண்டு ஒரு விவசாயிகள் கூட்டத்தில், தனியார் கையில் பெரிய அளவில் குவிந்திருக்கும் நிலத்துக்கு அதன் மதிப்பை வைத்து ஆண்டுதோறும் வரி போட வேண்டும் என்று பேசினேன். அன்றிலிருந்து டோக்கனுக்காகப் புங்கமரத்தடி பெஞ்சில் காத்திருப்பவர்கள், டீக்கடையில் பார்ப்பவர்கள், புதுச்சேரியிலிருந்து வரும் உறவுக்காரர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதிப் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இந்த வரி எங்கள் பகுதியில் இன்று கிடையாது, அரசு அறிவிக்கவும் இல்லை. வேண்டும் என்பது என் கருத்து.

நிலத்துக்குத்தான் கிஸ்தி கட்டுறோமே, இன்னும் என்ன வரி?

கட்டுகிறோம். ஆனால் ரசீதை எடுத்து ஒரு முறை பாருங்கள். எங்கள் குடும்ப நிலத்துக்குப் போன பசலியில், அதாவது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டில், வாங்கிய ரசீது மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் நீல மையில் எழுதிக் கொடுத்தது. தீர்வை, தல மேல்வரி எல்லாம் சேர்த்தும் அந்தத் தொகைக்கு நாலு பேர் டீ குடிக்க முடியாது. ரசீதை வாங்கிவர ஆன பெட்ரோல் செலவு அதைவிட அதிகம்.

வெள்ளைக்காரன் காலத்தில் விவசாயியிடமே நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரி முறையில் மண்ணின் தரம் பார்த்து, விளைச்சல் கணக்குப் போட்டுத் தீர்வை நிர்ணயித்தார்கள். அன்று அது விவசாயியின் கழுத்தை நெரித்த தொகை. சுதந்திரத்துக்குப் பிறகு அதைப் பெரிதாக உயர்த்தாமல் விட்டது சரிதான், சிறு விவசாயிக்கு அது நிம்மதி. ஆனால் அதே நிம்மதி 2 ஏக்கர்காரருக்கும் 200 ஏக்கர்காரருக்கும் ஒரே மாதிரி கிடைத்துவிட்டது. கோடிக்கணக்கில் விலை போகும் நிலத்தை வைத்திருக்க ஆண்டுக்குச் சில பத்து ரூபாய் போதும் என்ற நிலை அப்படி வந்ததுதான்.

எனக்கு மூணு காணி இருக்கு. நானும் மாட்டுவேனாண்ணே?

மாட்ட மாட்டீர்கள். 1 காணி என்பது நம் பக்கம் 100 குழி, ஏறக்குறைய 1.32 ஏக்கர். மூன்று காணி 4 ஏக்கர்கூட முழுதாக வராது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், அதாவது 2 ஏக்கருக்கும் குறைவு. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் சிறு, குறு விவசாயிகள். அவர்கள் யாரும் இந்த வரிக்குள் வரக் கூடாது என்பதே என் பேச்சின் முதல் வாக்கியம்.

எல்லையை ஏக்கரில் வைப்பதைவிட மதிப்பில் வைப்பது நியாயம். வேப்பூர் பக்கம் மானாவாரி 10 ஏக்கரும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் 10 ஏக்கரும் ஒன்றாகுமா? ஒரு குடும்பத்தின் மொத்த நிலம், குடியிருக்கும் வீடு நீங்கலாக, வழிகாட்டி மதிப்பில் (பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பில்) 3 கோடி ரூபாயைத் தாண்டினால் மட்டும், தாண்டிய பகுதிக்கு ஆண்டுக்கு அரை சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பண்ருட்டி பக்கம் 6 காணி முந்திரித் தோப்பு வைத்திருப்பவருக்கு ஏக்கர் 10 லட்சம் என்று போட்டாலும் 80 லட்சம்தான். வரி பூஜ்யம். ஏக்கர் ஒரு கோடி போகும் இடத்தில் 12 ஏக்கரை மதில் கட்டிப் பூட்டி வைத்திருப்பவருக்கு 3 கோடி கழிந்து மீதி 9 கோடி, அதற்கு 4.5 லட்சம். இந்த எண்கள் கணக்குப் புரிவதற்காக நான் போட்டவை.

விவசாயத்துக்கு வரியே கிடையாதுன்னு ஆடிட்டர் சொல்றாரே?

அவர் சொல்வது வருமான வரியைப் பற்றி. விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. வேறு வருமானமும் இருந்து, விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால், அந்த வேறு வருமானத்துக்கு எந்த விகிதம் என்று பார்க்க மட்டும் இதையும் சேர்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

இன்னொரு சலுகையும் இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. கிராமப்புற விவசாய நிலத்தை விற்று வரும் லாபத்துக்கும் வரி இல்லை. கடலூர் மாதிரி 1 லட்சத்துக்கு மேல், 10 லட்சத்துக்கு மிகாமல் மக்கள்தொகை உள்ள நகரம் என்றால் அதன் எல்லையிலிருந்து 6 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. ஏழாவது கிலோமீட்டரில் வாங்கிப் போட்டு ஐந்து ஆண்டு கழித்து மூன்று மடங்குக்கு விற்பவருக்கும் இந்தச் சலுகை கிடைக்கிறது. ஏர் பிடித்தவருக்காகப் போட்ட சலுகை இது.

வாங்கும்போதே ஒன்பது பர்சென்ட் அழுதாச்சு. திரும்பவும் எதுக்கு?

இந்தக் கேள்வியில் இருக்கும் வலி எனக்குத் தெரியும். பத்திரத்துக்குப் பணம் எண்ணி வைக்கும்போது கை நடுங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 11 சதவீதமாக இருந்தது. 2023-ல் பதிவுக் கட்டணத்தை 4-லிருந்து 2 ஆக்கியதால் 9 ஆனது. அதே கையோடு வழிகாட்டி மதிப்பை ஏற்றினார்கள்.

யார் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். அரை கிரவுண்டு மனை வாங்கும் கொத்தனார் 9 சதவீதம் கட்டுகிறார். தாத்தா காலத்திலிருந்து 80 ஏக்கர் வைத்திருப்பவர் கட்டுவது முதல் கேள்வியில் சொன்ன கிஸ்திதான். கைமாறும்போது முழு வரி, கையில் வைத்திருந்தால் ஒன்றுமில்லை. அதனால் வைத்திருக்கவே எல்லாரும் பார்க்கிறார்கள். பெருநில வரி வந்தால் அந்த வருவாயை வைத்துச் சிறிய மனை, சிறிய வயல் வாங்குபவருக்கு முத்திரைத் தீர்வையைக் குறைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் நான் ஆதரிப்பேன்.

உச்சவரம்புச் சட்டம் இருக்கும்போது பெரிய நிலம் எங்க சார் இருக்கு?

நல்ல கேள்வி. 1961-ல் வந்த சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது. 1970-ல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். புதுச்சேரிக்குத் தனியாக 1973-ல் ஒரு சட்டம் வந்தது.

ஸ்டாண்டர்டு ஏக்கர் என்பது சாதாரண ஏக்கர் அல்ல. நல்ல நன்செயில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. புன்செயாக இருந்தால் ஒரு ஸ்டாண்டர்டு ஏக்கருக்கு இரண்டு ஏக்கருக்கு மேலேயே வரும். அப்புறம், குடும்பம் என்றால் கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள், திருமணமாகாத மகள்கள். வயதுக்கு வந்த மகனுக்குக் கணக்கு தனி. தொழில் நிறுவனங்கள் அரசின் அனுமதி பெற்று உச்சவரம்புக்கு மேலும் வைத்திருக்கலாம். விவசாய நிலம் அல்லாத இடம் இந்தச் சட்டத்துக்குள் வராது. நகர்ப்புறத்துக்கு 1978-ல் போட்ட உச்சவரம்புச் சட்டத்தை 1999-ல் ரத்து செய்துவிட்டார்கள்.

ஆக, சட்டத்தை மீறாமலேயே பெரிய நிலம் வைத்திருக்க வழி உண்டு. மீறி வைத்திருப்பவர்கள் வேறு. உச்சவரம்பு என்பது 'வைத்திருக்கலாமா, கூடாதா' என்ற கேள்வி. வரி என்பது 'வைத்திருந்தால் ஊருக்கு என்ன கொடுக்கிறாய்' என்ற கேள்வி. இரண்டும் வேண்டும்.

வருமானத்துக்குப் போடாம நிலத்துக்கு ஏன் போடணும்? வருமானம் வந்தாத்தானே கட்ட முடியும்?

விவசாய வருமானத்தைக் கணக்குப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று மல்லாட்டை (நிலக்கடலை) போட்டவரைக் கேளுங்கள். பில் இல்லை, கூலிக்கு ரசீது இல்லை, கமிட்டியில் (ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில்) ஒரு விலை, வீட்டு வாசலில் ஒரு விலை. வருமானத்தை மறைக்கலாம், குறைத்துக் காட்டலாம், இல்லாததை விவசாய வருமானம் என்று காட்டிக் கறுப்பை வெளுக்கலாம். நிலத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? சர்வே எண் இருக்கிறது, நான்கு எல்லை இருக்கிறது.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியம். வரியை வெறும் மண்ணின் மதிப்புக்குத்தான் போட வேண்டும். மரம், போர்வெல், சொட்டுநீர்க் குழாய், மாட்டுக் கொட்டகை எதையும் சேர்க்கக் கூடாது. அப்போது உழைத்துப் பலா வைத்தவரும் கருவேலத்தை வளரவிட்டவரும் பக்கத்துப் பக்கத்து நிலத்துக்கு ஒரே வரி கட்டுவார்கள். உழைத்தவருக்குத் தண்டனை இல்லை. சும்மா போட்டவர் யோசிப்பார்.

புதுச்சேரி எல்லையை ஒட்டிய ரெட்டிச்சாவடி பக்கம் பஸ்ஸில் போனால் பாருங்கள். மதில் சுவர், பூட்டிய இரும்புக் கேட், உள்ளே ஆள் உயரக் கருவேலம். சுவருக்கு வெளியே ஒரு பெண் வாய்க்கால் கரையில் இரண்டு ஆட்டை மேய்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சாலையை அகலப்படுத்தியது மக்கள் பணம். சாலை அகலமானதும் நிலத்தின் விலை ஏறியது. ஏறிய விலை முழுக்கப் போனது சுவருக்கு உள்ளே.

டெல்லி போடுமா, சென்னை போடுமா? புதுச்சேரிக்கு யார்?

மாநிலம்தான். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் நிலத் தீர்வை, விவசாய வருமான வரி, நிலம் கட்டடம் மீதான வரி மூன்றும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. புதுச்சேரி யூனியன் பிரதேசமானாலும் சட்டமன்றம் உண்டு, மாநிலப் பட்டியலில் சட்டம் இயற்றலாம். ஆனால் வரி மசோதாவுக்குத் துணைநிலை ஆளுநரின் பரிந்துரை வேண்டும், மேலே ஒப்புதலும் வாங்க வேண்டும். நடைமுறையில் அங்கே பாதை நீளம்.

ரெட்டிச்சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம் என்றால் இங்கே வரி போட்டதும் அங்கே போய் வாங்குவார்கள் என்று ஒருவர் கேட்டார். கொஞ்சம் நடக்கும். ஆனால் இங்கே இருக்கும் நிலத்தை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதற்கு வரி வந்துகொண்டே இருக்கும்.

இதுக்கு முன்னாடி யாராவது சொல்லியிருக்காங்களா, நீங்களா கிளப்பிவிட்டதா?

பெரியவர்கள் சொன்னதுதான். 1972-ல் மத்திய அரசு பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு, வருமானத்தைத் துருவாமல் நிலத்தின் உற்பத்தித் திறனை வைத்து, குடும்பத்தை ஓர் அலகாக எடுத்து, பெரிய உடைமைக்குக் கூடுதல் விகிதத்தில் 'வேளாண் உடைமை வரி' போடலாம் என்றது. மாநிலங்கள் அதைக் கையில் எடுக்கவில்லை. சட்டமன்றங்களில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை யோசித்தால் காரணம் புரியும். மூன்றாவது கேள்வியில் சொன்ன, விகிதத்துக்காக விவசாய வருமானத்தைச் சேர்க்கும் முறை மட்டும் அந்தக் குழுவின் வழியாக 1973-ல் வந்தது.

அந்தக் குழுவோடு எனக்கு ஓர் இடத்தில் ஒத்துப்போகவில்லை. அவர்கள் உழுகிற நிலத்தை, குத்தகைக்கு எடுத்ததையும் சேர்த்து, கணக்கில் எடுத்தார்கள். வரி உழுகிறவர் மீது அல்ல, சொந்தக்காரர் மீதே விழ வேண்டும் என்று நினைக்கிறேன்.

மத்திய அரசிடம் வேறு வரிகள் இருந்தன. இறந்தவர் சொத்துக்கு 1953-ல் வந்த எஸ்டேட் தீர்வை 1985-ல் போனது. 1957-ல் வந்த செல்வ வரி 2015 பட்ஜெட்டோடு போனது. வெளியே பார்த்தால், பிரேசிலில் 1996 சட்டப்படி நிலத்தின் அளவு கூடக் கூட, பயன்பாடு குறையக் குறைய வரி விகிதம் ஏறும்: 0.03 சதவீதத்தில் தொடங்கி, 5,000 ஹெக்டேருக்கு மேல் வைத்துக்கொண்டு பயன்படுத்தாமல் போட்டால் 20 சதவீதம் வரை. ஆனாலும் வசூல் சொற்பம். மதிப்பைச் சொந்தக்காரரே எழுதிக் கொடுக்கலாம் என்று விட்டதுதான் அங்கே பெரிய ஓட்டை.

கோர்ட்டுல நிக்குமா?

சரியாக எழுதினால் நிற்கும். திருவிதாங்கூர்-கொச்சியில் எல்லா நிலத்துக்கும் ஏக்கருக்கு 2 ரூபாய் என்று ஒரே தட்டாகப் போட்டார்கள். காடு வைத்திருந்த ஒருவருக்கு வந்த வருமானத்தைவிட வரி பல மடங்கு. 1961-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாதென்றது. விளையும் மண்ணையும் விளையாத மண்ணையும் ஒன்றாக நடத்துவது சமத்துவம் ஆகாது, விசாரணை இல்லாமல் வரி விதிப்பதும் தவறு என்று காரணம் சொன்னது.

மதராஸின் 1966 நகர்ப்புற நில வரிச் சட்டமும் உச்ச நீதிமன்றம் வரை போனது. அது சந்தை மதிப்பை அடிப்படையாக வைத்த சட்டம். 1969-ல் செல்லும் என்று தீர்ப்பானது. ஆக, மதிப்பு பார்த்துப் போடு, ஆட்சேபம் சொல்ல வாய்ப்புக் கொடு. இந்த இரண்டும் இருந்தால் பாதை இருக்கிறது.

புயல்ல எல்லாம் போச்சுன்னா அப்பவும் கட்டணுமா?

தானே புயலைப் பார்த்தவர் யாரும் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. 2011 டிசம்பர் 30 காலை அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. மறுநாள் பண்ருட்டிப் பக்கம் போனேன். தாத்தா வைத்த பலா மரங்கள் செம்மண்ணோடு வேரைத் தூக்கிக்கொண்டு கிடந்தன. முந்திரித் தோப்பு முழுக்க ஒரே திசையில் சாய்ந்திருந்தது. ஒரு பெரியவர் விழுந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார், பேசவில்லை. விதைக்கன்று வைத்தால் பலா காய்க்க ஏழெட்டு ஆண்டு.

அந்தத் தோப்புகளில் பெரும்பாலானவை எல்லைக்குக் கீழே இருப்பவை, வரியே வராது. மேலே இருப்பவருக்கும் விதிவிலக்கு சட்டத்திலேயே இருக்க வேண்டும். கிஸ்தி முறையிலேயே 'வஜா' என்று ஒன்று உண்டு, விளைச்சல் போனால் ஜமாபந்தியில் (ஆண்டு வருவாய்க் கணக்குத் தணிக்கையில்) தள்ளுபடி. அதே மாதிரி, பேரிடர் பாதித்த குறுவட்டம் (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதி) என்று அறிவித்ததும் யாரும் மனுக் கொடுக்காமலே அந்த ஆண்டு வரி நிற்க வேண்டும். மரப்பயிருக்குக் கன்று காய்க்கும் வரை நீட்டிக்க வேண்டும். மனுக் கொடுத்தால்தான் என்று வைத்தால் மனு எழுதத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கும். மனு எழுதிப் பிழைக்கிறவன் சொல்கிறேன்.

கடைசில குத்தகைக்காரன் தலையிலதானே கட்டுவாங்க?

இதுதான் எனக்கும் பயம். புத்தகக் கணக்கில் அப்படி ஆகாது. குத்தகை என்பது அந்த மண்ணில் என்ன விளையுமோ அதைப் பொறுத்தது. கறக்க முடிந்ததைச் சொந்தக்காரர் ஏற்கெனவே கறந்துவிட்டார். ஆள் கிடைக்காமல் தரிசாகப் போட்டாலும் வரி நிற்காது, அதனால் அவருக்குத்தான் அவசரம்.

ஆனால் காட்டுமன்னார்கோயில் பக்கம் குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சு. "வரி ஏறிடுச்சு, ரெண்டு மூட்டை சேர்த்துக் குடு" என்று சொன்னால் எதைக் காட்டி மறுப்பது? 1956 நியாயக் குத்தகைச் சட்டப்படி விளைச்சலில் சொந்தக்காரர் பங்கு 25 சதவீதம்தான். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969-ல் இருந்து சட்டம் இருக்கிறது. பதிவு செய்யப் போனால் அடுத்த போகம் நிலம் கிடைக்காது என்று பயப்படுகிறார்கள். அதனால் நான் சொல்வது: குத்தகையைப் பதிவு செய்து கொடுக்கும் சொந்தக்காரருக்கு வரியில் கணிசமான கழிவு. அப்போது பதிவு அவருக்கே லாபம்.

பிள்ளை பேருக்கு, மச்சான் பேருக்கு எழுதிவெச்சுட்டா என்ன பண்ணுவீங்க?

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இது என் தொழில்.

நிலத்தைப் பிரித்துக் காட்ட மூன்று வழி வழக்கம். குடும்பத்துக்குள் தானசெட்டில்மெண்ட், அதற்குக் கட்டணம் குறைவு. பாகப்பிரிவினை, பத்திரத்தில் நாலு பாகம், வரப்பு ஒன்றுகூட மாறாது. மூன்றாவது, டிரைவர் பேரிலோ கணக்குப்பிள்ளை பேரிலோ கிரையம் செய்துவிட்டு, அன்றைக்கே அவரிடமிருந்து பவர் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்வது. முதல் இரண்டும் சட்டப்படி சரி. மூன்றாவது பினாமி, குற்றம்.

பட்டா கிராமவாரியாக இருக்கிறது. ஒருவருக்குச் சிதம்பரம் தாலுகாவில் மூன்று கிராமத்தில், விருத்தாசலத்தில் இரண்டு கிராமத்தில், புதுச்சேரியின் பாகூரில் கொஞ்சம் என்று இருந்தால், மொத்தம் எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எங்கும் இல்லை. இறந்துபோன தாத்தா பேரிலேயே பட்டா ஓடுகிறது. கூட்டுப் பட்டாவில் பதினோரு பேர், அதில் ஐந்து பேர் உயிரோடு இல்லை. பாகூர் ஏட்டில் ஹெக்டேர், ஆர், சென்டியார். ஊர்ப் பேச்சில் காணி, குழி. வரி விகிதம் அரையா ஒன்றா என்று சண்டை போடுவதைவிட, ஒரு குடும்பத்தின் நிலத்தைக் கூட்டிப் போட்டு ஒரு தாளில் காட்டுவதுதான் பெரிய வேலை. அது முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

பிரித்து எழுதுவதைப் பற்றி: உண்மையாகவே நான்கு பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்து, நால்வரும் தனித்தனியாக அனுபவித்தால் எனக்கு அதில் வருத்தமில்லை. குவிந்தது கலைய வேண்டும் என்பதுதானே நோக்கம். பெண்பிள்ளைக்கும் பாகம் எழுதுவார்கள் என்றால் இன்னும் சந்தோஷம். பெயர் மட்டும் மாறி அனுபவம் ஒரே கையில் இருந்தால், கணவன் மனைவி மைனர் பிள்ளைகளைச் சேர்த்தும், பவர் வைத்திருப்பவரைச் சொந்தக்காரராகக் கொண்டும் கணக்கிட வேண்டும்.

வழிகாட்டி மதிப்பே தப்பா இருக்கே, அதை நம்பி எப்படி?

தப்பாகத்தான் இருக்கிறது. 2017-ல் 33 சதவீதம் ஒட்டுமொத்தமாகக் குறைத்தார்கள், 2023-ல் ஒட்டுமொத்தமாக ஏற்றினார்கள். ஒரே தெருவில் இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் பாதி விலை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கிராமத்திலேயே வரைபடத்தை ஒட்டி, ஆட்சேபம் கேட்டுத் திருத்த வேண்டும். சொந்தக்காரரே எழுதட்டும் என்று விடக் கூடாது, பிரேசிலில் நடந்ததை மேலே சொன்னேன்.

கோயில் நிலம், மடத்து நிலம்?

அது தனியார் நிலம் அல்ல. குத்தகை பாக்கி, ஆக்கிரமிப்பு என்று அதன் சிக்கல்கள் வேறு. இந்த வரியில் அதைக் கலக்க வேண்டாம்.

வீட்டுக்காரர் போய்ட்டார். 20 ஏக்கர் இருக்கு, கையில காசு இல்லை. நான் எங்கப்பா போவேன்?

குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து வாரிசுச் சான்று விஷயமாக வந்த ஓர் அம்மா கேட்டது. பிள்ளைகள் வெளியூரில். நிலம் பாதி தரிசு, பாதி கரும்பு, வெட்ட ஆள் கிடைக்கவில்லை. நிலத்தின் மதிப்பைப் பார்த்தால் பணக்காரர், சமையல்கட்டைப் பார்த்தால் ரேஷன் அரிசி.

அவர் நிலம் இருக்கும் இடத்துக்கு நான் சொன்ன எல்லையைத் தாண்டாது என்றுதான் நினைக்கிறேன். தாண்டினாலும், வேறு வருமானம் இல்லாத வயதானவருக்கு வரியை நிலத்தின் மேல் பற்றாக எழுதிவைத்து, நிலம் கைமாறும்போது வசூலித்தால் போதும். வில்லங்கச் சான்றில் ஒரு குறிப்பு. அவர் உயிரோடு இருக்கும்வரை யாரும் அவர் வாசலுக்கு வரக் கூடாது. நோட்டீசும் வரக் கூடாது. இதைச் சொன்னதும், "எழுத்துல இருக்குமா?" என்று கேட்டார். இருக்க வேண்டும் அம்மா என்றேன்.

வரி தாங்காம வித்தா, கம்பெனிக்காரன்தானே வாங்குவான்?

வாங்குகிறவருக்கும் அதே வரிதான். 12 ஏக்கரை வாங்கிச் சேர்த்தால் அவர் மொத்தம் இன்னும் ஏறும், விகிதமும் ஏறும்படி வைக்கலாம். கம்பெனிக்கு 3 கோடி விலக்கும் கூடாது, அந்த விலக்கு குடும்பத்துக்கு மட்டும். வாங்கிப் பூட்டிவைப்பது நஷ்டம் என்றானால் வாங்க வருபவர் குறைவார்கள், விலை இறங்கும். விலை இறங்கினால்தான் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று கேட்டு வருகிற குத்தகைக்காரர் என் மேசைக்கு வந்து உட்கார முடியும். இந்தத் தொழிலில் குத்தகைக்காரர் ஒருவர் தான் உழுத நிலத்தையே கிரையம் வாங்கிய பத்திரத்தை நான் எழுதியது இதுவரை இரண்டு தடவை.